இளவரசியின் முழங்கால்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புனேயில் நான் சுகம். உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா? உம்மாவின் இருமல் நின்றதா?

நான் பிசியோவாக இருக்கும் பெண்கள் கபடி அணியில் நம் ஊர் நெரவிப் பெண் இளவரசி ஆடுகிறாள். போன வருஷம் அவளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. சூம்பிப்போன தொடையைத் தேற்ற, தினமும் கூடவே நின்று எடை தூக்க வைத்தேன். ஆறாம் மாதமே அவளை ஆட்டத்தில் இறக்கச் சொன்னார் கோச். சோதித்தேன். நல்ல காலின் பலத்தில் முக்கால்வாசிதான் அந்தக் காலில் இருந்தது. ஆடத் தகுதி என்று கையெழுத்துப் போட மறுத்தேன். வேறு பிசியோவைப் பார்த்துக்கொள்வதாகக் கத்தினார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

இளவரசி என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சொல்றப்ப இறங்குறேன்க்கா. அதுவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போவ மாட்டேன்."

பத்தாம் மாதம் இரண்டு கால்களும் பலத்தில் சமமாயின. கையெழுத்துப் போட்டேன். நேற்று இறுதி ஆட்டத்தில் மூன்று பேர் மடக்கியும், அந்தக் காலையே ஊன்றி எகிறிக் கோட்டைத் தொட்டாள். ஜெயித்தோம். கோச் கோப்பையை முதலில் என் கையில்தான் கொடுத்தார், வாப்பா! உங்கள் மகள் பெயரை மைக்கில் சொன்னார்கள்.

ஊருக்கு வரும் ஜவஹர் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். உம்மா சமைக்கும்போது எனக்குப் போன் போட்டு அடுப்படியில் வைக்கட்டும். பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
அஃப்ரா