பக்கத்து வீட்டு இசபெல்

17 ஆகஸ்ட் 1974, சனி
லிட்கம்

பக்கத்து வீட்டு இசபெல் எதையோ மறைக்கிறாள்.

இன்று மத்தியானம் இங்கே குடியேறிய ஸ்பானியர்களின் மண்டபத்தில் ஒரு பழைய மெக்சிகோப் படம் போட்டார்கள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கார்மென் கூட்டிக்கொண்டு போனாள். கதாநாயகி திரும்பிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இசபெலின் அதே கண்கள், ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தும் அதே பழக்கம். நாடே கொண்டாடிய நடிகையாம். நல்ல பேரோடு இருக்கும்போதே நடிப்பை விட்டுக் காணாமல் போனவளாம்.

வந்ததும் வேலியடியில், படத்தின் பேரைச் சொல்லி, அந்த நடிகை நீங்களா என்று இசபெலைக் கேட்டேன். "எனக்குச் சினிமாவே பிடிக்காது" என்று உள்ளே போய்விட்டாள்.

இவரிடம் சொன்னேன்.

"பிஸ்கற் பக்டரியில வேலை செய்யிற மனுசி நடிகையோ? உமக்கு எல்லாரிலயும் சந்தேகம்."

"அப்ப ஏன் அவவின்ர முகம் வெளுத்தது?"

இவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

பொழுதுபடும் நேரம் நான் சமைத்துக்கொண்டிருக்க, இசபெல் குசினிக் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"செத்த பிள்ளையை மடியில் வைத்து அவள் அழுகிற இடத்தில், சனங்கள் சிரித்தார்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்தக் காட்சியைப் பற்றி நான் அவளிடம் மூச்சே விட்டிருக்கவில்லை.

"இல்லை. கார்மென் தேம்பித் தேம்பி அழுதாள்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காட்சியை எடுத்த அன்று எல்லாரும் சிரித்தார்கள்" என்றாள்.

யார் சிரித்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. இவரிடம் இதைச் சொல்லவில்லை. கார்மெனிடமும் சொல்லமாட்டேன்.