நாலு இருபதுக்கு அந்த நாற்காலியில் இருந்தவர்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நீ முழிப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், அம்மா நம் இரண்டு பேருக்கும் குறுக்கே பேசுவாள், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். போன நாலு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போயிற்று, அதனால்தான் இது.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவுக்கு உன் படிப்பைப் பற்றிப் பேசாவிட்டால் பொழுது போகாது. மாடி வீட்டுத் தையல்காரம்மா உன் பொண்ணு வேலைக்கும் போயிட்டு என்னதான் படிக்கிறா என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டருக்குத் திருடன் வராம பாத்துக்கிற படிப்பு என்றாளாம். ஓ, வாட்ச்மேன் படிப்பா என்று அந்தம்மா கேட்க, இவளுக்கு வந்ததே கோபம், வாட்ச்மேனுக்கெல்லாம் தலைவி படிப்பு என்று சொல்லிவிட்டுத் தைக்கக் கொடுத்த துணியைக்கூட வாங்காமல் இறங்கி வந்துவிட்டாள். நான்தான் மறுநாள் போய் வாங்கி வந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது தப்பில்லை. தகவல் பாதுகாப்புக் குழுவை நடத்துகிறவர்களுக்கான மேற்படிப்பு என்று நீ எனக்குப் பத்து நிமிஷம் விளக்கினாய், அவள் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள். பகலெல்லாம் ஆபீஸ், சனி ஞாயிறு முழுக்க அந்த ஆன்லைன் வகுப்பு என்று ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மணிக்கு ஒருதரம் எழுந்து நட.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேராசிரியர் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார், உண்மையில் நடந்த ஒரு தகவல் இழப்பை எடுத்துக்கொண்டு, பொறுப்பில் இருந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்று எழுத வேண்டும் என்று நீ சொன்னாய். அப்பா, உங்க ஆஸ்பத்திரில ஒரு தடவை லிஸ்ட் எல்லாம் அழிஞ்சு போச்சே, அதைச் சொல்லுங்க என்று ஆசையாகக் கேட்டாய். நானும் சொன்னேன். டைப்பிஸ்ட் ஒருத்தி கவனமில்லாமல் அழித்துவிட்டாள் என்றும், நான் பதறாமல் எல்லோரையும் உட்கார வைத்து மூன்று மாதத்தில் பழைய அட்டைகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன் என்றும் சொன்னேன். நீ அதை அழகாக எழுதி அனுப்பினாய். முதல் வரைவுக்கே பேராசிரியர் பாராட்டினார் என்று துள்ளினாய். அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். தவறு செய்தவர் பயமில்லாமல் வந்து சொல்ல முடிகிற இடம்தான் பாதுகாப்பான இடம், அப்படி ஒரு இடத்தை உண்டாக்குவதே தலைமை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியிலேயே அதற்கு உதாரணமாக என்னைப் போட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பொறுப்பாக இருந்த அந்த ஆவண அறை உனக்கு ஞாபகம் இருக்கும். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்டு, எங்கள் யாருக்கும் இல்லாத ஏசியை அந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் டாக்டர்கள்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராக அங்கேதான் வருவாய். டைப்பிஸ்ட் அக்கா, டைப்பிஸ்ட் அக்கா என்று அவள் காலைச் சுற்றுவாய். அவள் தன் தட்டச்சு மிஷினில் பாழான தாளைச் செருகி உன்னை மடியில் உட்காரவைத்து உன் பெயரை அடிக்க விடுவாள், கார்பன் மை உன் மூக்கு வரைக்கும் ஏறியிருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு உன் ராஜ்யம் அங்கே மாறிவிட்டது. உன் செல்லப் பெயரும் நீ பிறந்த வருஷமும்தான் என் பாஸ்வேர்ட் என்பது உனக்கே தெரியும். மேஜை டிராயருக்குள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்ததால் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவரவர் பாஸ்வேர்டை மறந்துபோய் எல்லோரும் என்னுடையதில்தான் வேலை செய்தோம். நீ இன்று தலையில் அடித்துக்கொள்வாய், ஆனால் அன்று அதை நாங்கள் ஒற்றுமை என்று நினைத்தோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்த அறையின் பழைய காகித வாசனை வருகிறது, நெஞ்சு இளகிப்போகிறது.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வருகைப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் காலையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மாலையில் வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை? உன் பள்ளி நாடகம் நடந்த அன்று நாலு மணிக்குப் போக அனுமதி வாங்கி, காலையிலேயே நாலு மணி என்று எழுதிவிட்டேன். நாலு மணிக்கு நீ வந்து நின்றாய், நாடகத்தில் நீ மரம். இரண்டு கையிலும் அட்டைக் கிளைகளைக் கட்டி, இலையில் பச்சைப் பெயிண்ட் காயாமல், யார் மேலும் படாதபடி கையை விரித்துக்கொண்டு நின்றாய். ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டுப் பழைய பட்டியல் ஒன்றை நீக்க உட்கார்ந்தேன். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு இருந்தன. ஒரு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று, நீ நேரமாகிவிட்டது என்று குதிக்க, நான் அவசரத்தில் நடப்பில் இருந்த இரண்டு வருஷத்து நோயாளிகள் பட்டியலை அழித்துவிட்டேன். அழித்ததுகூடத் தெரியாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். நீ மேடையில் அசையாமல் நின்றதைப் பார்த்துக் கைதட்டினேன்.

மறுநாள் கம்ப்யூட்டர், நாலு இருபதுக்கு என் பாஸ்வேர்டில் யாரோ அழித்ததாகக் காட்டியது. அப்போதுதான் அது நான் செய்தது என்று எனக்கு உறைத்தது. பதிவேடு நான் நாலு மணிக்கே போய்விட்டதாகக் காட்டியது. அந்த நேரத்தில் அறையில் இருந்தவள் டைப்பிஸ்ட் மட்டும்தான். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, நீங்க நாலு மணிக்கே கிளம்பிட்டீங்கல்ல என்றார். ஆமாம் சார் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வார்த்தை. நான் நாலு இருபதுக்கு மேல்தான் போனேன் என்பதை அவள் பார்த்திருக்கிறாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் கவனக்குறைவுதான் சார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன், என் வசதிக்கு அப்படி நினைத்துக்கொண்டேன். அவளைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு எண்ணுகிற வேலை. பதினோரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். டைப்பிஸ்ட் அக்கா ஏன் வரலை என்று நீ கேட்டபோது வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்றேன்.

போன வாரம் பழைய மருந்தாளுநரைப் பிடித்து அவள் இருக்கிற இடத்தைக் கேட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறங்குகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? டைப்பிஸ்ட் இப்போது தன் தங்கை வீட்டில் மாடியறையில் இருக்கிறாள், தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது உன்னைத்தான். நான் நின்றபடியே சொன்னேன், அன்னைக்கு அழிச்சது நான்தாம்மா, உங்க மேல பழி விழறதைப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன் என்று. அவள் சிரித்தாள். எனக்கு அன்னைக்கே தெரியும் சார், குழந்தை மேஜை மேல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு, எப்பவும் போல எதையோ தட்டியிருக்கும், வெளியில தெரிஞ்சா அதைத் திட்டுவாங்க, உங்க வேலையும் போயிடும், அதான் நான் வாயைத் திறக்கலை என்றாள். இல்லை, என் கையால் நான்தான் அழித்தேன், குழந்தை தொடவே இல்லை என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை வாலு. பெத்தவங்க அப்படித்தான் சார் தன் மேல போட்டுக்குவாங்க, நீங்க நல்ல அப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதாள்.

அதனால் மாதக் கடைசிக்குள் நீ அந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும். பொறுப்பில் இருந்தவர் பொய் சொன்னார் என்று எழுது. மதிப்பெண் குறைந்தால் அப்பாவை நாலு திட்டுத் திட்டு, நியாயம்தான். நீ என்னை இனி எப்படிப் பார்ப்பாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நீ பத்துப் பேருக்குத் தலைவியாக உட்காரும்போது என்னைப் பார்த்துப் படித்ததை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், எடுத்த படிப்பை முடித்து, தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அவள் போன் நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே கூப்பிட்டு, நான் அதைத் தொடவே இல்லைக்கா, அப்பாதான் செய்தார் என்று சொல். நான் சொன்னால் அவள் என்னை நல்லவன் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா