அவர் வீட்டில் ஒத்திகை

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. பட்டறையில் லேத் மிஷின் வழக்கம்போல மக்கர் பண்ணுகிறது. நாடகக்குழுவில் பெண்பிள்ளைகளின் போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால், உங்களுக்கு உடை தைக்கும் அக்கா வீட்டுக்கே இதை அனுப்புகிறேன். நமக்கு இரும்பு இறக்கிய லாரி டிரைவர் இன்றைக்கே அந்தப் பக்கம் போகிறார். நம்பிக்கையான ஆள்.

நேற்று உன் இயக்குநர் நம் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார். அவ்வளவு பெரிய மனிதர் நம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் குரலைப் புகழ்ந்து தள்ளினார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கதாநாயகி வேஷத்துக்குத் தனி ஒத்திகை வேண்டுமாம். அவர் வீட்டுக்கு வரச் சொன்னால் நீ பிடிவாதமாக மறுக்கிறாயாம். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா” என்றார். நானும் தலையாட்டினேன்.

டீ கொண்டுவந்த அம்மாதான், “ஒத்திகைக்குக் கூடம் இருக்கே, வீடு எதுக்குங்க?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். கதாநாயகனாக நடிக்கும் பையனும் வருவானா என்றாள். “அவனுக்கு எதுக்கு? பொண்ணுங்களுக்குத்தான் கூச்சத்தப் போக்கணும்” என்றார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எழுந்தபோது என் தோளில் கைபோட்டார். “இத விட்டா வேற எந்தக் குழுவும் அவள சேத்துக்காது. எல்லாம் நம்ம ஆளுங்கதான்” என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேடைக்கு ஏற்ற முகம், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் என்றார்.

அவளை உள்ளே அனுப்பினேன். “என் பொண்ணு உங்க வீட்டுக்கு வரமாட்டாங்க” என்றேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “பாத்துக்கலாம்” என்று சொல்லிக் காரில் ஏறினார். அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடிப்பை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். போன வருஷம் மேடையில் நீ வசனத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாயே, கூட்டம் முழுக்க மூச்சு விடவில்லை. அது உனக்கு யாரும் பிச்சை போட்டதில்லை.

நானும் அம்மாவும் நாளை முதல் பேருந்தில் கிளம்புகிறோம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டுதான். லாரி எங்களுக்கு முன்னால் வந்துவிடும். இதைப் படித்ததும் தையல் அக்கா வீட்டிலேயே இருந்துகொள். உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள். உன் இயக்குநர் இந்நேரம் அங்கே வந்து சேர்ந்திருப்பார். உன் அப்பாவே சம்மதித்துவிட்டார் என்று சொல்லுவார்.

நம்பாதே கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாத,
அப்பா