கிளை மறைத்த பலகை

ஜூன் 9, திங்கள்
சாலைப் பிரிவுக்கு இன்று ஐந்து புகார். நான்கை முடித்தேன். ஐந்தாவது, மில் ரோடு நாற்சந்தியில் ‘நில்’ பலகையை மரக்கிளை மறைக்கிறதாம். பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன். பதிவேட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 10
மழை. போகவில்லை.

ஜூன் 26, வியாழன்
காலையில் அதே நாற்சந்தியில் இரண்டு கார் மோதி ஒருவர் செத்துப்போனார்.
இன்ஜினியர் தனியாகக் கூப்பிட்டார். “மதியம் போலீஸ் போட்டோ எடுக்க வர்றாங்க. அதுக்குள்ள கிளையை வெட்டிடு.”
வெட்டினேன். செருப்புக்கடியில் கண்ணாடித் தூள் நறநறவென்றது. பலகை பளிச்சென்று தெரிந்தது. ஏன் வெட்டினேன்? ஏன்?

ஜூன் 28
செத்தவர் தையற்கடைக்காரர். நிற்காமல் வந்து இடித்தவள் ஒரு நர்ஸ், சின்னப் பெண். “நான் போர்டையே பாக்கல”ன்னு அழுதாளாம். பேப்பரில் அவள் படத்துக்குப் பக்கத்திலேயே பலகையின் படம். அது தெரியாமல் எப்படிப் போகும் என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

ஜூலை 3
இன்ஜினியரிடம் கேட்டேன், சொல்லிவிடலாமா என்று.
“சொல்லு. கையெழுத்து உன்னோடது. கிளையை வெட்டினதும் நீ. நான் எங்க வந்தேன்?”

ஜூலை 15
மனைவி விடவில்லை. “உங்க மூஞ்சியே சரியில்ல, என்னன்னு சொல்லுங்க.” சொன்னேன். வெகுநேரம் காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.
“ஜெயிலுக்குப் போவீங்களா?”
“போகலாம்.”
“அப்ப பேசாம இருங்க.” அப்புறம், “அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?”
இருபத்திநாலு.


ஜூலை 16
பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6
கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அரசு வக்கீல் அந்த போட்டோவைக் காட்டினார். வராந்தாவில் நர்ஸின் அப்பா கெஞ்சுகிறார்: “தப்பு உன் மேலதான்னு ஒத்துக்கம்மா. தண்டனையைக் குறைப்பாங்களாம்.” அவள் சரி என்று தலையசைத்தாள். இரண்டடி தூரத்தில் நான். வாயைத் திறந்திருக்கலாம்ல? பஸ் ஏறி வந்துட்டேன். நான்லாம் ஒரு மனுஷனா?

ஆகஸ்ட் 7
பதிவேட்டுப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு அவள் வக்கீலிடம் போனேன்.
“இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”
“தெரியும் சார். சீக்கிரம் எழுதிக்கங்க, மனசு மாறிடும்.”

ஆகஸ்ட் 11
சஸ்பெண்ட். இன்ஜினியரும்தான்.

செப்டம்பர் 22
சாட்சி சொன்னேன். புகார், பொய்க் கையெழுத்து, வெட்டின கிளை — எல்லாம். வெளியே வந்ததும் தையற்காரரின் மனைவி வழிமறித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.
“அந்தக் கிளையை வெட்ட எவ்வளவு நேரமாகும்?”
“அஞ்சு நிமிஷம்மா.”
“அஞ்சு நிமிஷம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நவம்பர் 12
நர்ஸ் விடுதலை. அடுத்த மாதம் இதே கோர்ட்டில் எனக்கும் இன்ஜினியருக்கும் விசாரணை. ‘கவனக்குறைவால் மரணம், சாட்சியம் அழித்தல்.’ ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும், “நானும் வர்றேன்” என்றாள் மனைவி, அவ்வளவுதான்.
கோர்ட் வாசலில் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.
“சார், போர்டு தெரிஞ்சிருந்தா நான் நின்னிருப்பேன்ல?”
ராத்திரி டியூட்டி முடிந்து வந்தவள். எவ்வளவு வேகமோ, எவ்வளவு அசதியோ. எனக்கு எப்படித் தெரியும்?
“நின்னிருப்பேம்மா.”
“நிஜமாவா?”
“நிச்சயமா நின்னிருப்பே.”
இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன்.