அறுபத்துநாலில் பாதி

12 மே 2008, திங்கள்

கத்திரி வெயில். பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. கரண்ட் 11 முதல் 1 வரை இல்லை.

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு ஒரு வாரம் லீவு. ஸ்டெல்லா முதல் வேலையாக இதை என் தலையில் கட்டிவிட்டாள்.

"ஏங்க, பழைய இரும்புக்காரர் வாரப்ப குடுத்து அனுப்பிருவோம். இம்புட்டு இடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு."

ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "ஆமா, பொதையல்" என்றாள்.

98-ல் பழனிச்சாமியும் (இனி ப.) நானும் சேர்ந்து வாங்கியது. பேகம்பூர்ச் சந்தில் டி.டி.பி. கடை. ப. ஒட்டன்சத்திரத்துக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன், தமிழ் டைப்பிங்கில் புலி. நான் லேஅவுட், புரூப். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, முதல் நற்கருணை, நோன்புக் கஞ்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. பாதி ஊரின் நல்லது கெட்டது இந்தப் பெட்டிக்குள்.

மாலை சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. நீளமாக ஒரு பீப், சற்று விட்டு இன்னொரு பீப். மெமரிக் கோளாறு.

13 மே, செவ்வாய்

முனிசிபல் தண்ணீர் வந்தது. குடம் நிரப்பியே காலை போயிற்று.

ஏழெட்டு தடவை போட்டு அணைத்ததில் ஒரு தடவை திரை வந்தது. மெமரியை எண்ண ஆரம்பித்து 32-ல் நின்றது. 32 வீதம் ரெண்டு மெமரி ஸ்டிக், 64 காட்ட வேண்டும். பிறகு நீலத் திரை.

2002-லும் அப்படியே. ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த முதல் நாள். பங்குத் திருவிழா மலர் பாதி டைப்பில் இருந்தது, அதோடு போயிற்று. போனில் மெக்கானிக்கைக் கேட்டேன். ரெண்டு ஸ்டிக்கில் ஒன்று செத்திருக்கும், இல்லையென்றால் யாராவது நல்லதை எடுத்துவிட்டுச் செத்ததைச் செருகியிருப்பார்கள் என்றார். முந்தின வாரம்தான் ப. தன் மச்சான், அதாவது பெண்டாட்டி தனத்தின் அண்ணன், கம்ப்யூட்டருக்கு மெமரி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவன் கேட்டதை மெக்கானிக்கிடமும் சொன்னேன்.

"நல்ல ஸ்டிக் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியாதா பழனி?"

திருடன் என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அந்தச் சமாதானத்தை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

அவன் சத்தம் போடவில்லை. கடைச் சாவியைக் கீபோர்டு மேல் வைத்தான். "சரிங்கண்ணா, நான் போறனுங்க" என்றான். போனவன்தான். நான் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் துணி சுற்றிப் பரணில் ஏற்றினேன். வாடகை மெஷின் வைத்து ஓட்டியும் மூன்று மாதத்தில் கடையும் மூடல்.

14 மே, புதன்

கேபினெட்டைத் திறந்தேன். ஒரு செத்த பல்லி, ஒரு சட்டி தூசி.

– முதல் ஸ்டிக் மட்டும்: ஓடுகிறது. 32.
– ரெண்டாவது மட்டும், அதே இடத்தில்: பீப்.
– முதல் ஸ்டிக்கை ரெண்டாவது இடத்தில்: ஓடுகிறது.

ஆக, ரெண்டாவது ஸ்டிக்தான் கோளாறு. முதலாவதை மட்டும் வைத்து ஓட்டி, பழைய ஃபைல்களைப் பார்த்தேன். எல்லாம் ப. வைத்த பெயர்கள். 'மீசை மாமா'. 'மூணு தடவ திருப்பி அனுப்புனவர்'. 'மாப்ள பேர் மாறிருச்சு'. 'ஆரோக்கியண்ணன் சாப்டாம செஞ்சது'.

கடைசிப் பெயரில் என்ன வேலை என்று திறந்தேன். யாரோ ஒருவரின் கிரகப்பிரவேசப் பத்திரிகை. நான் சாப்பிடாததை எதற்கு எழுதி வைத்தான்? அப்போதெல்லாம் டீக்கடை பாய் எட்டிப் பார்த்து "கரண்ட் இருக்கப்பவே அடிச்சு முடிங்கப்பா" என்பார், ரெண்டு பேரும் ஒரே ஸ்டூலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது போல ஒரு வேலை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. அவன் இல்லாமல் வேலை பிடிக்காமல்தான் கடையை மூடினேன். யாரிடமும் சொன்னதில்லை.

15 மே, வியாழன்

 மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த ரெண்டாவது ஸ்டிக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். நாலைந்து பல் மேல் மஞ்சளாய் ஒரு பொருக்கு, நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டினேன். சந்தனம், குங்குமம்.

நான் வைத்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ப. இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டான். போனில், "இந்த வருசம் நீங்களே பொட்டு வெச்சிருங்கண்ணா, மிசின மட்டும் உட்றாதீங்க" என்றான். சர்ச்சுக்குப் போகிறவனுக்கு இதில் என்ன பழக்கம்? குறை வைக்கக் கூடாதென்று கேபினெட்டைத் திறந்து, தூசி தட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வெளியே மட்டும் வைத்தால் ஓரவஞ்சனை என்று தோன்றியது.

சின்ன மகளின் ரப்பரை வாங்கிப் பற்களைத் தேய்த்தேன். செருகினேன். 64.

ஸ்டிக் எங்கேயும் போகவில்லை. அவன் எடுக்கவில்லை.

16 மே, வெள்ளி

மத்தியானம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத் தப்பிச்சிரலாம்னு பாக்காதீங்க. பழனிகிட்டயே போய்ச் சொல்லுங்க."

அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்தது நிஜம்.

17 மே, சனி

ஒட்டன்சத்திரம். காலை பஸ், நின்றுகொண்டே. மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததும் எழுந்தான். காதோரம் நரை.

"வாங்கண்ணா."

உட்காராமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் தக்காளிப் பெட்டியையே பார்த்தான்.

"பல்லு மேலயா வெப்பாங்க? நான் வெளியதானுங்கண்ணா வெப்பேன்." சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த மெக்கானிக் ஊரு பூராச் சொல்லிட்டாருங்க. திருட்டு மெமரி வாங்குனவன்னு எம் மச்சானுக்கும் பேராயிருச்சு. உம் புருசனாலதான்னு தனத்துகிட்ட வந்து கத்துனாருங்க. எடுத்தீங்களான்னு தனம் எங்கிட்ட ஒருக்காக்கூடக் கேக்கலீங்க. கேக்காமயே அண்ணங்கூட சண்ட போட்டா. இன்னும் அவங்களுக்குள்ள பேச்சில்லீங்க."

நான் ஒரு தடவை கேட்டேன். தனம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்டச் சொன்னது இருக்கட்டுங்க. ஊட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லிருங்க" என்றான்.

மொபெட்டில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன்.  தனம் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. மன்னிச்சிரும்மா என்று ஆரம்பித்து, சந்தனம் வரை எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. தண்ணீர் கொண்டுவரப் போகிறது என்று நினைத்தேன்.

செல்போனோடு வந்தது. நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தது.

"எங்கண்ணங்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார். "யாருங்க?"

என் பெயரைச் சொன்னேன்.