பதினான்காம் கேள்வி

ஜூன் 4
கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்குமா என் வீட்டுக்காரருக்கு? விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றிவிட்டார். "இனிமே நமக்குச் சுதந்திரம்" என்றார். சுதந்திரம் கிடைத்த முதல் நாளே பிரிண்டர் வேலைநிறுத்தம்.

ஜூன் 6
என் பழைய வினாத்தாள்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. எழுத்துரு இல்லையாம். முன்பெல்லாம் எதை ஏற்றுவதானாலும் 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கினால் போதும். இப்போது கறுப்புத் திரையில் மந்திரம் ஓத வேண்டும். அதற்கும் ஐயா மனசு வைக்க வேண்டும். "பழகிடும்மா" என்கிறார்.

ஜூன் 9
தலைமையாசிரியை கூப்பிட்டார். "இந்தத் தடவை அறிவியல் வினாத்தாள் முழுக்க உங்க பொறுப்பு டீச்சர். அதைப் பார்த்துட்டுதான் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதப்போறேன்."
எத்தனை வருடக் காத்திருப்பு! கடவுளே, இந்தப் பிரிண்டர்—

ஜூன் 12
மவுஸ் சக்கரத்தை அமுக்கினால் பக்கம் தானாக ஓடுமே, அதுவும் போச்சு. விரல் மட்டும் பழக்கதோஷத்தில் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், "அதெல்லாம் ஒரு வசதியா?" என்று சிரிப்பு. இந்த மனுஷரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது?

ஜூன் 13
கம்ப்யூட்டரில் நேற்று இந்த டைரியில் தட்டிய கடைசி வரியை அழிக்கலாமென்று மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். மனசு வரவில்லை. இருக்கட்டும், என்ன இப்போ? வினாத்தாளை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான்.

ஜூன் 20
தொலைந்தேன்.
பரீட்சைக்கு நடுவில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், பதினாலாவது கேள்வியில பாதி எந்தப் பாடத்துல இருக்கு?"
வாங்கிப் பார்த்தேன். '14. மண்புழு எவ்வாறு சுவாசிக்கிறது? இந்த மனுஷரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது?'
வீட்டில் விளக்கம் கிடைத்தது. லினக்ஸில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நினைவில் நிற்குமாம். சக்கரத்தை அமுக்கினால் அமுக்கின இடத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். "அது ஒரு வசதிம்மா!" அடடா, என்னே வசதி.

ஜூன் 23
திருத்துகிறேன். 'தோல் வழியாக. பொறுமையாக' என்று ஒருத்தி இரண்டுக்கும் விடை எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி மனுஷரைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறாள். தொப்பையைக்கூட விடவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

ஜூன் 26
"சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிக்குது டீச்சர். ஆனா மேல நான் என்னன்னு எழுதறது, சொல்லுங்க?" என்றார் தலைமையாசிரியை. நிரந்தரம் அடுத்த வருடம் பார்க்கலாமாம். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 27
காலையில் கம்ப்யூட்டர் முன்னால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். "என்னாலதானே? பழசுல இருந்தது என்னென்ன இல்லாம கஷ்டப்படறே, சொல்லு. ஒண்ணொண்ணா சரி பண்றேன்."
எழுத்துரு, பிரிண்டர், சக்கரம் — மளமளவென்று தட்டிக்கொண்டார். "அப்புறம்?"
"முன்னெல்லாம் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிப்பீங்க. அது."
விரல்கள் நின்றுவிட்டன. திரையை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.
"மேல சொல்லு" என்றார்.