ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்

என்னைத் தனியே விட்டுவிட்டுப் போன என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். கலியாணம் கட்டாத அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருந்த வட்டுக்கோட்டை வீட்டில் இப்போது நான் மட்டும்தான். சாப்பாடு கடைப் பார்சல். குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்ல எனக்கு ஆளில்லை. "அப்ப நாளைக்கு நீ சமையன்" என்று என்னை ஏசவும் ஆளில்லை.

உங்களிடம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் தரம் பத்தில் நிலானி என்ற பிள்ளையை எழுப்பி, முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்ததற்காக வகுப்புக்கு முன்னால் ஏசிவிட்டேன். வாயே திறக்காத பிள்ளை. அடுத்த நாள் விடைத்தாளோடு வந்து, "சேர், கடைசிப் பக்கம் கூட்டேல்லைப் போல" என்றாள். கூட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று. கணக்கு வாத்தியாருக்குக் கூட்டத் தெரியவில்லை, அக்கா!

எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றாள். அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. இனி நான் படிப்பிக்க லாயக்கானவன்தானா என்று எனக்கே பயம் பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு செயலமர்வு வைத்தார்கள். வந்தவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "இண்டைக்குச் செய்யவேண்டிய வேலை எல்லாத்தையும் எழுதுங்கோ. பிறகு எது முதல், எது கடைசி எண்டு இலக்கம் போடுங்கோ" என்றார். உவர் என்ன எனக்குச் சொல்லித் தாறது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். பதினான்கு வேலை வந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த தர்சினி ரீச்சர் எட்டிப் பார்த்தார்.

"சேர், இதில ஒம்பது எங்கடை வேலை எல்லோ! பாட நேரசூசி போடுறது உப அதிபரின்ரை. விளையாட்டுப் போட்டிக்குப் பேர் எழுதிறது வேறை ஆக்களின்ரை. என்ரை வகுப்பு விடைத்தாளும் உங்களிட்டை."

"நீர் கைப்பிள்ளைக்காரி. நான் திருத்தித் தந்தால் என்ன?"

"கேட்டோடனை தூக்கித் தந்தது எங்கடை பிழைதான். ஆனா சேர், உங்களுக்கு வீட்டை போற எண்ணமே இல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

உங்களுக்கு உண்மையைச் சொல்லட்டா? எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஒன்றரைக்கு மணி அடித்தால் பிள்ளைகள் சைக்கிளில் பறப்பார்கள், ரீச்சர்மார் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நான் யாரிடமாவது போய், "தாரும், நான் செய்யிறன்" என்று வேலையைக் கேட்டு வாங்குவேன். வேலை கூடி மனிசன் களைத்துப்போனான் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். வேலை முடிந்துவிடுமே என்றுதான் நான் பயந்தேன். இப்படியும் ஒருத்தன் இருப்பானா, அக்கா?

திங்கட்கிழமை அந்த ஒன்பதையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன். மிச்சம் ஐந்துக்கும் இலக்கம் போட்டேன். முதலாவது, தரம் பத்து விடைத்தாள்களை இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பது. மணி அடிக்க முன்னமே ஐந்தும் முடிந்துவிட்டன, போங்கோ! நிலானி இனியாவது என் முகத்தைப் பார்ப்பாளா தெரியாது.

அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விறாந்தையில் சப்பாத்தோடு நின்றேன். பிறகு உங்கள் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன்.

உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை, தெரியுமா? கதிரை வந்ததா, பந்தல் போட்டாயிற்றா, ஆராதனைத் தாள் அச்சடித்தாயிற்றா, போதகருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்களா என்று ஓடிக்கொண்டு திரிந்தேன். "மாஸ்ரர் நல்லாத் தாங்கிறார்" என்று சனம் சொன்னது. நான் எங்கே தாங்கினேன்? வேலை செய்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமைதான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். நீங்கள் இல்லை, அக்கா. இனி வரவும் மாட்டீர்கள். இதை எனக்கு நானே சொல்ல எட்டு மாதம் எடுத்திருக்கிறது. நாலு மணிபோல அழுகை நின்றது. பிறகு எனக்குப் பசித்தது.

நாளைக்கும் மணி அடித்தவுடன் வாறன். இந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் வாறன், அக்கா. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இனி ஒளித்திருக்க மாட்டன்.

எட்டு மாதம் பிந்தி அழுத,
உங்கடை தம்பி
ராசன்